ஐந்து மில்லிமீட்டர்

குஞ்சப்பனையில் மண் சரிந்து மூன்றாம் நாள்.
கீழே இறங்க வழியில்லை,
பெரிய பிளாட்டரோ கோயம்புத்தூரில்.
கோத்தகிரியில், என் கடையில் இருப்பது
ஏ-த்ரீ வரை விழுங்கும் பழைய மெஷின்.
மழைநாளில் தாளைச் சுருட்டும்,
திட்டினால் துப்பும்.

ஓவர்சியர் ஞானசிகாமணி
பென் டிரைவைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார்.
"தடுப்புச்சுவர் படம்மா. ஏ-ஒன்.
ரெண்டு மணிக்குக் குன்னூர்ல மீட்டிங். ஆறு காப்பி."

திரையில் விரித்தேன்.
டானிங்டனுக்குக் கீழே அந்தச் சரிவு முழுவதும்
சீப்பு படாத தலைபோலக் கோடுகள்.
மூலையில், ஒன்றுக்கு ஐநூறு.
பாதியாக்கினால் ஒன்றுக்கு ஆயிரம்.
இதுவரை கணக்கு சுலபம்.

ஆனால் பாதியாவதில் எல்லோரும் சமமில்லை.
தடித்த கோடு தப்பித்துக்கொள்ளும்.
தண்ணீர்க் குழாய்க்குப் போகும் ஒற்றையடிப் பாதை
மயிரிழைக் கோடு,
மெஷினின் கண்ணுக்கே படாது.
செங்குத்தான இடத்தில் சமஉயரக் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
வெறும் கறுப்பாகிவிடும்.
மலை எங்கே பயமுறுத்துகிறதோ
அங்கே தாள் வாயைத் திறக்காது.

மாதிரிக்கு ஒன்று எடுத்தேன்.
வலது ஓரம் வெள்ளை.

அங்கே பதினான்காம் எண் இருக்க வேண்டும்.
அளந்தவருக்கு இடம் போதவில்லை,
கடைசி வீட்டைச் சட்டத்துக்கு வெளியே
தள்ளி வரைந்திருந்தார்.
மெஷினுக்குத் தொட முடியாத ஓரம் ஒன்று உண்டு,
சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர்.
அங்கே மை விழாது.
ஐந்து மில்லிமீட்டர், இந்தத் தாளில், ஐந்து மீட்டர்.
தவமணி வீட்டின் அகலம் நாலரை.

போன மாதம்தான்
பட்டாவுக்கு நாலு நகல் எடுத்துப் போனாள்.
நாலையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
நாலிலும் பேர் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஃபிட் டு பேஜ் போட்டுரும்மா" என்றார்.
போட்டேன். வீடு உள்ளே வந்தது.
நாற்பத்தெட்டு சதவீதம்.
மூலையில் மட்டும் அதே ஐநூறு,
கூசாமல் உட்கார்ந்திருந்தது.
ஸ்கேல் வைத்தேன்:
நாற்பது மீட்டர் சுவர்
முப்பத்தெட்டு புள்ளி நாலு.

"ஒன்றரை மீட்டர்தானே, சைட்ல பாத்துக்கலாம்."

அந்தக் கடைசி ஒன்றரை
அவள் அடுப்படிக்குப் பின்னால் நிற்க வேண்டியது.

முழுப் பூசணிக்காயை மறைக்க
இப்போதெல்லாம் சோறு தேவையில்லை,
தாளில் ஓர் ஓரம் போதும்.

திரும்ப ஐம்பதுக்கு வந்தேன்.
படத்தை அப்படியே
ஆறு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினேன்.
எதுவோ ஒன்று ஓரத்தில் விழத்தானே வேண்டும்.
ஐநூறை அடித்து ஆயிரம் என்று எழுதினேன்,
பக்கத்திலேயே ஒரு சென்டிமீட்டர்க் கோடு இழுத்து
'பத்து மீட்டர்' என்றும் போட்டேன்.
யாராவது இதை இன்னும் சுருக்கினால்
எண் பழையபடி பொய்யாகும்.
கோடு கூடவே சுருங்கும், பாவம், அதற்குப் பொய் தெரியாது.

ஆறும் வந்தன, லேசாகச் சுருண்டு, சூடாக.
அவர் இடது ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.
"சரிபார்த்தவர்னு என் பேர் இருக்குமே?"
"ஓரத்துல போயிருச்சு சார். பேனாவால எழுதிக்கலாம்."
"பிரிண்ட்ல வந்தாத்தானே..."
மீதியைச் சொல்லவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
என் பேனாவை வாங்கிக்கொண்டார்.

முதல் தாளில் இரா. ஞானசிகாமணி என்று முழுசாக.
ஈரத் தாளில் மை ஊறிப் பரவியது.
மூன்றாவதில் ஞானசிகா, ஒரு புள்ளி.
ஆறாவதில் வெறும் 'ஞா'.

அறுபது ரூபாய். ஐம்பதுதான் இருந்தது.
பரவாயில்லை என்றேன்.

சுவர் வருமோ வராதோ.
பதினான்காம் எண்
இப்போதைக்குத் தாளில் இருக்கிறது,
மை விழாத ஓரத்திலிருந்து
ஒரு மில்லிமீட்டர் உள்ளே.

மலையில், ஒரு மீட்டர்.